எம்3 கொண்டு கணக்கிட்டால் இந்தியாவின் பணச் சுழற்சி வேகம் ஏன் இறங்கிக்கொண்டே போகிறது?

கேள்வி:
வணக்கம். முதுகலைப் பொருளியல் ஆய்வேட்டுக்காக, நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை ரிசர்வ் வங்கி வெளியிடும் எம்3 பண அளவால் (மக்கள் கையிலுள்ள ரொக்கமும் வங்கி வைப்புகளும் சேர்ந்தது) வகுத்து, பணம் ஆண்டில் எத்தனை முறை சுழல்கிறது என்னும் வேகத்தைப் பார்த்தேன். 1970-71இல் 4க்கு மேல் இருந்த விகிதம் 2022-23இல் ஏறத்தாழ 1.2 ஆகிவிடுகிறது. யுபிஐ வந்தபின் டீக்கடையில்கூடப் பணம் நொடியில் கைமாறும்போது வேகம் கூடத்தானே வேண்டும்? எக்செல் சூத்திரத்தில் தவறு எதுவும் தென்படவில்லை. எதைச் சரிபார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
உற்பத்தியை நடப்பு விலையில் (அந்தந்த ஆண்டு விலையில்) எடுத்தீர்களா, நிலை விலையிலா (ஓர் அடிப்படை ஆண்டின் விலையிலா)? நிலை விலை என்றால் விகிதத்துக்குப் பொருளே இல்லை. பண அளவுக்கும் மார்ச் 31ஆம் நாள் இருப்பை மட்டும் எடுக்காமல் ஆண்டுச் சராசரியை எடுங்கள்.

கேட்டவர்:
நடப்பு விலைதான். சராசரி போட்டும் சரிவு மாறவில்லை.

மறுமொழி 2:
அப்படியானால் கணக்கு சரி. எதிர்பார்ப்பைத்தான் மாற்ற வேண்டும். நீங்கள் கணக்கிடுவது வருமானச் சுழற்சி வேகம், அதாவது புதிய உற்பத்திக்காகப் பணம் கைமாறுவது மட்டுமே. நண்பருக்கு அனுப்பும் பணம், பங்கு வாங்குவது, பழைய வீட்டின் விலை ஆகியவை யுபிஐ அல்லது வங்கி வழியாக எத்தனை முறை கைமாறினாலும் மொத்த உற்பத்தியில் சேர்வதில்லை.

சரிவுக்கான காரணம் விகிதத்தின் பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணான எம்3இல் இருக்கிறது. 1970-71இல் எம்3இல் கால வைப்பு (குறித்த காலத்துக்குப் போட்டுவைக்கும் வைப்பு) மூன்றில் ஒரு பங்குதான். இப்போது முக்கால் பங்கை ஒட்டி நிற்கிறது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகிக் கிளைகள் கிராமங்களுக்குச் சென்றபின், நகையாகவும் நெல்லாகவும் மாடாகவும் இருந்த சேமிப்பின் ஒரு பகுதி வைப்பு ரசீதாக மாறியது. கூலி விஷயமும் உண்டு: களத்துமேட்டில் மரக்காலால் அளந்து கொடுத்த நெல்லும் மதிப்பிடப்பட்டு உற்பத்தியில் சேரும், ஆனால் அதற்குப் பணம் தேவைப்படாது, அதே கூலி ரொக்கமானால் உற்பத்தி கூடாமலே பணத்தேவை கூடி, வேகம் குறையும். வளரும் பொருளாதாரங்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பணவீக்க அச்சமும் வட்டி உயர்வும் வேகத்தை எதிர்ப்பக்கம், அதாவது மேல்நோக்கித் தள்ளும். 2008இல் ஜிம்பாப்வேயில் பணத்தைக் கையில் வைத்திருக்கவே மக்கள் அஞ்சினார்கள்.

கேட்டவர்:
நன்றி. 2020-21இல் மட்டும் தனியாக ஒரு பள்ளம் தெரிகிறதே?

மறுமொழி 2:
அது வேறு கதை. ஊரடங்கால் நடப்பு விலை உற்பத்தியே சற்றுச் சுருங்கியது. மக்களோ எதற்கும் இருக்கட்டும் என்று ரொக்கத்தையும் வைப்பையும் பெருக்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டுக்கும், 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதாக்கப்பட்ட 2016-17க்கும் தனித்தனி போலி மாறி (அந்த ஆண்டுக்கு மட்டும் 1, மற்ற ஆண்டுகளுக்கு 0) சேர்த்து, கால வைப்பு சேராத எம்1 கொண்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். சரிவு மிகவும் மட்டுப்படும்.