பொருள்: மாதிரி மரக்கப்பல் கட்டும்போது 'ஃபேரிங்': ஓட்டங்கூட்டுதல் எனலாமா?

அன்பு நண்பர்களே,

மாதிரிக் கப்பல் வேலைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோமே, அதில் 'ரேபட்' என்பதற்குக் காடி என்று போன மாதம் ஒரே நாளில் முடித்துவிட்டோம். கதவு நிலைக்குக் காடி எடுக்கும் ஆசாரி யாரைக் கேட்டாலும் தெரியும். ஏராவில், அதாவது கப்பலின் அடிமரத்தில், முதல் பலகையின் விளிம்பு போய் உட்காரும் பள்ளமும் அதே காடிதான். கப்பற்கூட்டின் வளைவு மேடுபள்ளம் இல்லாமல் ஓடும்படி சரிசெய்வதுதான் ஃபேரிங்; அது அப்படி மசியவில்லை. இரண்டு வாரமாக இழுக்கிறது.

அப்படியே ஃபேரிங் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுத்தில்தான் அது ஃபேரிங், வாயில் பேரிங். காரைக்குடியில் ஒரு ஹார்டுவேர் கடையில், "பேரிங் செய்யணும், எத்தனாம் நம்பர் உப்புத்தாள் எடுக்கலாம்?" என்று கேட்டேன். "பேரிங்கைத் தேய்க்காதீங்கண்ணே, கிரீஸ் போடுங்க" என்றார் கடைக்காரர்.

> சீராக்கம் போதுமே. எல்லாருக்கும் புரியும்.

சிங்கப்பூர்த் தம்பி எழுதியது. எல்லாருக்கும் புரியும் தம்பி, ஆனால் தப்பாகப் புரியும். வழுவழுவென்று தேய்ப்பதுதான் சீராக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். நானே அப்படி எடுத்துக்கொண்டு கெட்டவன். என் முதல் கப்பல் 1:64 அளவில் இரட்டைப் பாய்மரக் கப்பல். ஏராவில் வரிசையாக நின்று கப்பலுக்கு வடிவம் தரும் குறுக்குப் பலகைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்ணாடிபோலத் தேய்த்துவிட்டுத்தான் மேல்பலகை ஒட்டினேன். சாயங்காலம் வளவில் வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது பார்த்தால், நாலாவது குறுக்குப் பலகை நிற்கும் இடத்தில் விலா எலும்புபோல ஒரு மேடு. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை 64-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 32 மில்லிமீட்டர். நிஜக் கப்பலில் ஒன்றேகால் அங்குலம் துருத்திக்கொண்டு நிற்பதற்குச் சமம்.

ஆக, ஒரு பலகையின் வழவழப்பு இங்கே பேச்சே இல்லை. அணியத்திலிருந்து (முன்முனை) அமரம்வரை (பின்முனை) எல்லாக் குறுக்குப் பலகைகளையும் தொட்டுக்கொண்டு ஒரே கோடு முறியாமல் போகிறதா என்பதுதான் பேச்சு. மேலே ஒட்டப்போகும் அதே கனத்தில் ஒரு மரப்பட்டியை எடுத்து மூன்று நான்கு குறுக்குப் பலகைகள்மேல் வளைத்துப் பிடியுங்கள். எங்காவது பட்டி தொடாமல் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் தாழ்வு. எங்காவது முட்டி முறிந்து வளைந்தால் அந்த இடம் உயர்வு. லேசரில் வெட்டிய கிட் என்றால் விளிம்பு கருகியிருக்கும், அதுவே நல்ல அடையாளம். அணியப் பக்கத்துப் பலகைகளில் முன்விளிம்புக் கருப்பு முழுக்கப் போய், பின்விளிம்பில் மயிரிழை அளவு கருப்பு நிற்கும்வரை சாய்வாகத் தேய்க்க வேண்டும். அமரப் பக்கம் இதற்கு நேர்மாறு. நடுவில் இருப்பவற்றை அநேகமாகத் தொடவே வேண்டாம்.

சொல் கிடைத்தது எங்கள் வீட்டு நிலைக்கதவைப் பழுதுபார்க்க வந்த ஆசாரியிடம். முகப்பில் மேசைமேல் இருந்த கப்பற்கூட்டைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மரப்பட்டியை அணியத்திலிருந்து பின்னோக்கி ஓட்டினார். "ஓட்டம் வரலைங்க. நாலாவதுல தட்டுது" என்றார். கப்பல் வேலையே பார்க்காத மனிதர்!

ஓட்டம் என்றதும் முதலில் ஓட்டமிழைத்தல் என்று எழுதி வைத்தேன். மறுநாளே அடித்துவிட்டேன். இழைத்தல் என்றால் மரத்தைக் குறைப்பது மட்டும்தான். தாழ்ந்த இடத்தில் மெல்லிய சீவல் ஒட்டி உயர்த்துகிறோமே, அதுவும் இந்த வேலையில் சேர்த்திதானே? வீணைக்குச் சுருதி கூட்டுகிறவர் தந்தியை முறுக்கவும் செய்வார், தளர்த்தவும் செய்வார்; இரண்டுக்கும் பெயர் கூட்டுவதுதான். அதனால் ஓட்டங்கூட்டுதல். 'ஓட்டம் கூடிவிட்டது', 'ஓட்டம் தட்டுகிறது' என்று பேச்சிலும் வரும். சோதிக்கிற மரப்பட்டி ஓட்டப்பட்டி.

அப்புறம், பழைய சாமான் கடைத் தேக்கில் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த மரத்தில் கப்பல் செய்யும் ஆசை எனக்கும் உண்டு. எங்கள் ஐயா அங்கே கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ணப் போனவர். ஆனால் தேக்கில் துளைகள் பெரிது. 1:64-இல் ஒவ்வொன்றும் விரிசல்போலத் தெரியும். கப்பலை நிறுத்தும் பீடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேல்பலகைக்கு மஞ்சக்கடம்பு நன்றாக வருகிறது.

காரைக்குடியிலிருந்து

——

அண்ணே, தூத்துக்குடியிலிருந்து ஒரு முட்டுக்கட்டை. கடற்கரையில் ஓட்டம் என்றால் நீரோட்டம். 'கப்பலுக்கு ஓட்டம் கூட்டினேன்' என்றால் வேகம் ஏற்றினேன் என்று நினைப்பார்கள். அதற்குப் பதில் வரியோட்டம் என்று வைத்துக்கொண்டால் என்ன? போதாததற்கு, தேய்க்கிற வேலைக்குக் 'கூட்டல்' என்றால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

——

தூத்துக்குடித் தம்பிக்கு: வரியோட்டம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் ஆசாரி மரத்தின் ரேகையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நீரோட்டக் குழப்பம் கடல்மேல் வரலாம், மேசைமேல் வராது. கூட்டல் கணக்குக்கு மட்டும் நான் பணிகிறேன்: பெயராக எழுதும்போது எப்போதும் ஓட்டங்கூட்டுதல், கூட்டல் வேண்டாம், கூட்டு வேண்டவே வேண்டாம், அது இலைக்குப் போய்விடும்.

——

சிங்கப்பூரிலிருந்து: சீராக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன். நேற்றிரவு ஓட்டப்பட்டி வைத்துப் பார்த்தேன். அணியத்திலிருந்து இரண்டாவதில் தட்டுகிறது என்று முதலில் நினைத்தேன். உண்மையில் மூன்றாவதுதான் தாழ்வு, பட்டிக்கும் பலகைக்கும் இடையே 0.6 மில்லிமீட்டர் வெளிச்சம். இரண்டாவதைத் தேய்ப்பதா, மூன்றாவதில் சீவல் ஒட்டுவதா?

——

மூன்றாவதில் ஒட்டுங்கள் தம்பி. 1 மில்லிமீட்டர் சீவலாக ஒட்டி, பசை ராத்திரி முழுக்கக் காய்ந்த பிறகு தேய்த்து இறக்குங்கள். இரண்டாவதில் கை வைத்தால் முதலாவதும் கெடும்.