ஆற்றோடு இறங்கிப் படிக்கிற மாதிரி ஒரு வலைத்தளம்: என் மாயக்கதை நாட்டுக்கு எப்படிக் கட்டுவது?

கடைமடைக்காரி எழுதியது:

வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றங்கரை எனக்கு. பகலில் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் 'ஏழுமடை நாடு' என்று ஒரு மாயக்கதை உலகத்தை எழுதி வருகிறேன்.

அந்த நாட்டில் ஆற்றுத் தண்ணீர் பேச்சைச் சுமந்து வரும். தலைமடையில் ஒருவர் கரையில் நின்று சொன்னது தண்ணீரோடு இறங்கிக் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு போகம் முடிந்துவிடும். அதனால் மேலே இருப்பவர்கள் ஆற்றோரம் வாயே திறக்க மாட்டார்கள். கீழே இருப்பவர்களுக்கு எல்லார் ரகசியமும் தெரியும், ஆனால் காலம் கடந்துதான் தெரியும். மடையைத் திறந்து மூடுகிறவர்களுக்கு அங்கே அரசனைவிட அதிகாரம். எந்தப் பேச்சு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். என் அப்பா லஸ்கராக, அதாவது ஆற்று ஷட்டர்களைத் திறந்து மூடும் பணியாளராக இருந்தவர். நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில், வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தில் என்னை நிறுத்தி, எந்த ஷட்டரை எவ்வளவு தூக்கினால் எந்தப் பக்கத்து வயல் நனையும் என்று சொல்லிக் கொடுத்தார். என் கதையில் வரும் மடைக்காவலர்கள் எல்லாரும் அவரிடமிருந்து வந்தவர்கள்தான்.

இப்போது இதற்கு ஒரு வலைத்தளம் கட்ட ஆசை. பிளாக் ஒன்று தொடங்கு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பிளாக்கில் கடைசியாக எழுதியது மேலே நிற்கும், பழையது அடியில் போய்விடும். எனக்குத் தேதி வரிசை வேண்டாம். முதல் பக்கத்தில் நான் கையால் வரைந்த ஆற்று வரைபடம் இருக்க வேண்டும். வாசகர் ஒரு மடையைத் தொட்டால் அந்த ஊருக்குள் போக வேண்டும், அங்கிருந்து ஒரு வாய்க்கால் வழியே அடுத்த ஊருக்கு இறங்க வேண்டும். வழி தவறிச் சுற்றினாலும் சந்தோஷமாகச் சுற்ற வேண்டும்.

படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் போனில்தான் படிப்பார்கள். மாதா மாதம் பணம் கட்ட முடியாது. வலைப்பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல் கொஞ்சம் தெரியும். இன்னொன்று: மடைச் சட்டம், திருவிழா, மீன் வகை, கரைத் தெய்வம் என்று நோட்டு நோட்டாகக் குறிப்பு இருக்கிறது. அதையெல்லாம் தளத்தில் போடலாமா, எப்படிப் போடுவது?

அரசலாற்றங்கரை எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்பது நன்றாகவே முடியும். சொந்தமாகத் தளம் கட்டிக்கொள்ள இடம் தரும் நியோசிட்டீஸ் பாருங்கள். 2013இல் தொடங்கியது, இலவசக் கணக்கிலேயே 1 ஜிபி இடம் தருகிறார்கள். எழுத்தும் படமுமாக இருக்கும் தளத்துக்கு அது தாராளம். பழைய ஜியோசிட்டீஸை நினைத்து வைத்த பெயர். 1994இல் வந்த அந்தத் தளத்தில் ஆளாளுக்கு வீடு கட்டிக்கொள்ளப் பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். அறிவியல் புனைவு, மாயக்கதைக்காரர்களுக்கென்றே 'ஏரியா51' என்று ஒரு பேட்டை இருந்தது. 2009இல் மூடிவிட்டார்கள். அதனால் ஒன்று சொல்கிறேன்: எங்கே ஏற்றினாலும் தளத்தின் கோப்புகள் முழுவதும் உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும். நாளைக்கு இடம் மாற வேண்டும் என்றால் அப்படியே தூக்கி, இதே மாதிரி இடம் தரும் கிட்ஹப் பேஜஸிலோ வேறெங்கோ வைத்துவிடலாம்.

வரைபடத்துக்கு இணையத்தில் தேடினால் 'இமேஜ் மேப்' என்ற பழைய வழியைத்தான் முதலில் காட்டும். அது வேண்டாம். தொட வேண்டிய இடங்களை அதில் பிக்சல் கணக்கில் குறிக்க வேண்டும். போன் திரைக்குப் படம் சுருங்கும், குறித்த இடம் சுருங்காது. மூன்றாம் மடையைத் தொட்டால் ஐந்தாம் மடை திறக்கும். அதற்குப் பதில் எஸ்விஜி, அதாவது கோடும் வட்டமுமாக எழுதி வைக்கிற பட வகை. கையால் வரைந்ததை ஸ்கேன் செய்து இங்க்ஸ்கேப்பில் திறங்கள், படம் வரையும் இலவச மென்பொருள்தான். ஆற்றின் மேல் ஒரு கோடு, ஒவ்வொரு மடைக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்கு லிங்க். அந்த எஸ்விஜி நிரலை அப்படியே பக்கத்துக்குள் ஒட்டி, வியூபாக்ஸ் என்கிற படத்தின் எல்லை அளவைச் சரியாகக் கொடுத்துவிட்டால் எந்தத் திரையிலும் படமும் தொடும் இடமும் சேர்ந்தே பெரிதாகும், சிறிதாகும். வட்டங்களை மட்டும் கட்டைவிரலுக்குத் தகுந்த அளவில் பெரிதாகப் போடுங்கள்.

படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது, செய்து பாருங்கள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள் இல்லையா? உங்கள் தளத்து ஆறும் அப்படி ஓடட்டும். பக்கத்துக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் பத்து வரி போதும். இன்றைய தேதியைப் பார்த்து, அந்தக் காலத்துக்குள் என்றால் ஆற்றுக்கோடு நீலம், இல்லையென்றால் மணல் நிறம். ஆறு வறண்ட மாதங்களில் மட்டும் ஆற்றுப்படுகையில் ஒரு கதவு தெரியட்டும். அதற்குள் வேறு எப்போதும் படிக்க முடியாத ஒரு கதை. மாதத்தை ஜாவாஸ்கிரிப்ட் 0இலிருந்து எண்ணும், ஜூன் என்றால் 5 என்று எழுத வேண்டும்.

தண்ணீர்ச் சத்தம் வைக்க ஆசை வரும். பக்கம் திறந்ததும் தானாகச் சத்தம் வருவதைப் பெரும்பாலான பிரவுசர்கள் தடுத்துவிடும். ஒரு மடையைத் தொட்டால் கேட்கிற மாதிரி வையுங்கள், அது உங்கள் கதைக்கும் பொருத்தம்.

மேலவீதி எழுதியது:

தஞ்சாவூரில் அச்சுக்கோப்பு வேலை பார்க்கிறேன், எழுத்து பற்றி மட்டும் சொல்கிறேன். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, கட்டமரான் என்ற எழுத்துருக்கள் மூன்றும் இலவச உரிமத்தில் கிடைப்பவை, இறக்கி உங்கள் தளத்திலேயே வைத்துக்கொள்ளலாம். கதைக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.7 மடங்குக்குக் குறையக் கூடாது. நம் எழுத்துக்கு மேலே சுழி, கீழே கால் எல்லாம் உண்டு, ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளியில் மூச்சு முட்டும். இரண்டு ஓரமும் நேராக வரும்படி வைக்காதீர்கள். போன் அகலத்தில் வரிக்கு மூன்று நான்கு சொல்தான் வரும், நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். சாய்வெழுத்தும் வேண்டாம். எழுத்துருவில் சாய்வு இல்லாதபோது பிரவுசர் தானே இழுத்துச் சாய்த்துவிடும், பார்க்கவே சகிக்காது. ஆறு பேசுகிற வரிகளைக் காட்ட வேறு நிறம் கொடுங்கள்.

பக்கத்தின் தலையில் மொழி தமிழ் என்று குறிக்க மறக்காதீர்கள். பார்வையற்றவர்களின் வாசிப்புக் கருவி அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும். வரைபடத்தின் ஒவ்வொரு மடைக்கும் பெயர் எழுத்திலும் இருக்கட்டும்.

திண்ணைவாசகன் எழுதியது:

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

குறிப்புகளைக் குறிப்பாகப் போடாதீர்கள். 'ஏழுமடை நாட்டின் திருவிழாக்கள்' என்று தலைப்பு வைத்து வரிசையாக எழுதினால் அது பாடப்புத்தகம். அந்த நாட்டு ஆள் யாராவது, ஏதோ ஒரு காரியத்துக்காக எழுதிய தாளாக அதை மாற்றுங்கள். மடைச் சட்டம் தெரிய வேண்டுமா? ஐந்தாம் மடை ஊரார் தங்கள் முறைத் தண்ணீர் வரவில்லை என்று எழுதிய மனு ஒன்றைப் போடுங்கள், அதன் ஓரத்தில் மடைக்காவலர் கிறுக்கிய பதிலும் இருக்கட்டும். மீன் வகைக்கு ஒரு கல்யாணச் சமையல்காரரின் சாமான் பட்டியல். தெய்வத்துக்கு, குழந்தை பிழைத்தால் மண்குதிரை வைப்பதாக ஒரு தாய் வேண்டிக்கொண்டது, ஆற்றில் கேட்டபடி. நீங்கள் கணக்கு எழுதுகிறவர், ஒரு பேரேட்டுப் பக்கத்தில் எவ்வளவு கதை ஒளிந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். யார் பெயருக்கு எதிரே பாக்கி ஏறிக்கொண்டே போகிறது, எந்த மாதத்தில் ஒரு பெயர் சட்டென்று நின்றுபோகிறது என்பதையெல்லாம் வாசகரே கண்டுபிடிக்கட்டும்.

இன்னொன்று. வாசகர் எங்கிருந்து உள்ளே நுழைகிறார்? வரைபடம் என்றால் எல்லாரும் தலைமடையிலிருந்து கீழே வருவார்கள் என்று நினைப்போம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் போன் திரையில் முதலில் கடைமடை தெரியும்படி வைப்பேன். அலையாத்திக் காட்டோரம் ஒரு கிழவி தண்ணீரில் காது வைத்துக் கேட்கிறாள். ஒரு பாதிப் பேச்சு வருகிறது. அதைச் சொன்னது யார் என்று தெரிய வாசகர் மடை மடையாக மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு மடையிலும் அந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் முழுசாக இருக்கும். உங்கள் உலகத்தின் விதியே தளத்தின் வழியாகிவிடும். தனியாக விளக்கம் எழுத வேண்டியிருக்காது.

நாடு முழுவதையும் கட்டி முடித்த பிறகுதான் கதவு திறப்பேன் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு மடை திறந்திருக்கட்டும், மீதி ஐந்தும் 'முறை வரவில்லை' என்று பூட்டியிருக்கட்டும். டெல்டாக்காரனுக்கு அது புரியும்.

கடைமடைக்காரி எழுதியது:

திண்ணைவாசகன் ஐயா, கீழேயிருந்து மேலே ஏறுவது என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஏழாம் மடையின் நிர்வாகி ஒருத்தி தலைமடையில் யாரோ ஒருவரைத் தேடுகிறாள் என்று ஒரு கதை பாதியில் கிடக்கிறது. அதைத்தான் எடுத்து வைக்கப் போகிறேன். மனுவும் ஓரக் கிறுக்கலும் அப்பா கையெழுத்தைப் பார்த்து நானே எழுதி ஸ்கேன் செய்கிறேன், கீழே தட்டச்சு வடிவமும் கொடுத்துவிடுகிறேன். வறண்ட ஆற்றுக் கதவும் கட்டாயம் உண்டு தம்பி.

ஒரு சந்தேகம் மட்டும். இந்தக் கதைகளில் ஒன்றிரண்டைப் பத்திரிகைக்கும் அனுப்ப நினைக்கிறேன். தளத்தில் போட்டால் சிக்கல் வருமா?

மேலவீதி எழுதியது:

வரும். பல இதழ்களும் போட்டிகளும் வேறெங்கும் வெளிவராத கதை என்று உறுதி கேட்கின்றன, சொந்தத் தளமும் இணையமும் அதில் சேர்த்தி. அனுப்ப நினைக்கும் கதைகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். தளத்தில் மனு, பட்டியல், பேரேடு, கிழவி கேட்ட பேச்சு இவை போதும். இதழில் கதை வந்து, அவர்கள் அனுமதித்த பிறகு அந்த மடையைத் திறங்கள்.

கடைமடைக்காரி எழுதியது:

சரி, அப்படியே. ஏழாம் மடையும் ஆறாம் மடையும் முதலில். வரைபடம் வரைந்து முடித்ததும் இங்கேயே போடுகிறேன், வட்டங்கள் போனில் சரியாகத் தொட முடிகிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.