பிரதாப் போத்தனை இனி எப்படிப் பார்ப்பேன்?

குழு: மார்த்தாண்டம் வீடு
ஞாயிற்றுக்கிழமை

நிஷா (காலை 9:12): நேற்று '22 ஃபீமேல் கோட்டயம்' பார்த்துவிட்டு ஒன்றரை மணிக்குத்தான் படுத்தேன். 2012இல் வந்த மலையாளப் படம், ஆஷிக் அபு இயக்கியது. யாராவது பார்த்திருக்கிறீர்களா? முதல் பாதி தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டாம் பாதி எரிச்சலைக் கிளப்பியது.

பிரபின்: ஃபகத் ஃபாசில் படம் பார்த்து எரிச்சலா? நீ நம் குடும்பம்தானா?

வசந்தா பெரியம்மா: ரயில் பெட்டியில் ஒட்டுகிற பட்டியல் மாதிரி ஒரு தலைப்பு. வயது, ஆணா பெண்ணா, ஊர். கதை என்ன?

நிஷா: கோட்டயத்துப் பெண் டெஸ்ஸா, பெங்களூரில் நர்ஸ். ரீமா கல்லிங்கல் நடித்திருக்கிறார். கனடா போக விசா ஏஜென்சிக்குப் போகிறாள், அங்கே வேலை பார்க்கும் சிரிலிடம் மனதைக் கொடுக்கிறாள். சிரிலின் முதலாளி ஹெக்டே, அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வீட்டுக்கு வருகிறான். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. இரண்டாவது முறை வரும்போது முதல் காயமே ஆறவில்லை. பிறகு அவள் பையில் போதைப்பொருளை வைத்துச் சிறைக்கு அனுப்புகிறார்கள். அனுப்பியதில் காதலனுக்கும் பங்கு உண்டு. ஹெக்டேயாக வருபவர் பிரதாப் போத்தன்.

வசந்தா பெரியம்மா: பிரதாப் போத்தனா? கிதாரை வைத்துக்கொண்டு 'என் இனிய பொன் நிலாவே' பாடினாரே, அவரா? ஐயோ, இனி அந்தப் பாட்டை எப்படிப் பார்ப்பேன்?

ராஜன் மாமா: அக்கா, அந்தப் பாட்டு வரும் 'மூடுபனி'யிலும் அவர் பெண்களைக் கொல்கிறவர்தான். 1980இல் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தாய். பாட்டை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு கொலைகளைத் தியேட்டரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாய்.

வசந்தா பெரியம்மா: அது இளையராஜா செய்த வேலை. என்னைக் குறை சொல்லாதே.

நிஷா: அந்த ஹெக்டே கத்துவதில்லை, மிரட்டுவதில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்பது போல அமைதியாக, மரியாதையாகக் கேட்கிறான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

ராஜன் மாமா: நானும் பார்த்திருக்கிறேன். அதுவரை பிரமாதம். வெளியே வந்தபின் ஹெக்டேயைக் கொல்ல நல்ல பாம்பைக் கொண்டுவருகிறார்கள் பார், அங்கே எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டேன். அதுவரை நம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதை. திடீரென்று மகுடி ஊதினால்?

பிரபின்: மாமா, இதைத் தமிழில் 2014இல் 'மாலினி 22 பாளையங்கோட்டை' என்று எடுத்தார்கள். நித்யா மேனன் நடித்தார். இயக்கியது ஸ்ரீப்ரியா.

ராஜன் மாமா: பொருத்தம்தான். 1979இல் 'நீயா?' படத்தில் அவரே பாம்பாக வந்து ஒவ்வொருவராகத் தீர்த்துக் கட்டினார். பழிவாங்கும் பாம்பைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பிரபின்: இன்னொன்று. மலையாளத்தில் டி.கே. என்ற பாத்திரத்தில் வரும் நடிகர் சத்தாரின் மகன்தான் தமிழில் கதாநாயகன். அப்பா ஒரு மொழியில், பிள்ளை ஒரு மொழியில்.

நிஷா: கோட்டயம் என்றால் நர்ஸ் என்பது எல்லாருக்கும் தெரியும். பாளையங்கோட்டை என்றதும் எனக்குச் சிறைதான் நினைவுக்கு வருகிறது. கதைக்கு அதுவும் பொருத்தம்தான்!

ராஜன் மாமா: நீதிமன்றத்தில் முப்பது வருடம் கட்டுகளைத் தூக்கியவன் சொல்கிறேன். சிரிலுக்கு அவள் கொடுக்கும் தண்டனையை என்னால் ஏற்க முடியாது. மயக்க மருந்து கொடுத்து, கட்டிலில் கட்டிப்போட்டு, உறுப்பையே நீக்கிவிடுகிறாள். அதைப் பார்த்துக் கைதட்டியவர்கள் எத்தனை பேர்!

பிரபின்: படம் ஏப்ரலில் வந்தது. அதே வருடம் டிசம்பரில் டெல்லியில் பஸ்ஸில் அந்தக் கொடுமை நடந்தது. அப்போது தெருவில் நின்றவர்களில் பலர் இதே தண்டனையைத்தானே கேட்டார்கள்?

ராஜன் மாமா: கேட்டார்கள். 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்த நீதிபதி வர்மா குழு அதை ஏற்கவில்லை. மரண தண்டனையைக்கூடப் பரிந்துரைக்கவில்லை. கோபம் வேறு, சட்டம் வேறு.

நிஷா: அந்தச் சட்டம்தானே மாமா அவளைச் சிறையில் போட்டது?

ராஜன் மாமா: இதற்குப் பதில் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன்.

பிரபின் (10:05): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நிஷா: நீக்கும் முன்பே படித்துவிட்டேன் அண்ணா. சிரில் பாவமா?

பிரபின்: ஃபகத் நடிப்பு அப்படி. என்னை மன்னித்துவிடு.

ஜெயா சித்தி (10:40): இப்போதுதான் கோவிலிலிருந்து வந்தேன். நாற்பது செய்திகளா! நானும் டி.வி.யில் பார்த்த படம்தான். மக்களே, ஆபரேஷன் தியேட்டரில் பதினொரு வருடம் நின்றவள் நான். மயக்கம் கொடுப்பவரே கத்தியையும் பிடிக்க முடியாது. ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடத்தில் ரத்தக்குழாய்களைக் கட்டாவிட்டால் படுக்கை நனைந்துவிடும். தனியாக ஒரு பெண் இதை முடித்தாள், அவனும் கண்விழித்து மணிக்கணக்காக விவாதம் செய்தான் என்றால், பாம்பே பரவாயில்லை.

ராஜன் மாமா: சபாஷ்.

ஜெயா சித்தி: அவசரப்படாதீர்கள் அண்ணா. அந்தக் காட்சி நடக்காத காட்சி. ஆனால் அவன் எழ முடியாமல் கிடக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாளே, அது நர்ஸ் உட்காரும் உட்கார்வுதான். கத்தியை விட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நிஷா: எனக்கு முடிவுதான் பிடிக்கவில்லை சித்தி. இவ்வளவும் செய்துவிட்டுக் கனடாவுக்குப் போகும்போது அவனுக்கு இன்னும் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறாள். அவனும் ஒருநாள் வருவேன் என்று சவால் விடுகிறான். அதற்கு எதற்கு இவ்வளவு?

ஜெயா சித்தி: எனக்கு அது உறுத்தவில்லை. புருஷன் அடித்துக் கை ஒடிந்து வந்த பெண், மாவுக்கட்டு காய்வதற்குள் அவர் சாப்பிட்டாரா என்று கேட்டதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உறுத்தியது என்னவென்றால், அதைப் போய் அழகான வசனமாக ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெண்கள் அதை வசனம் போலச் சொல்லவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்கள்.

வசந்தா பெரியம்மா: ஜெயா சொன்னால் கேட்க வேண்டியதுதான்.

ஜெயா சித்தி: ஒன்று மட்டும் அந்தப் படம் சரியாகச் சொன்னது. நம் காகிதங்கள் ஒருவன் மேசை இழுப்பறைக்குள் இருக்கிறவரை அவனிடம் கோபமாக ஒரு சொல் பேச முடியாது. 1996இல் சவூதிக்குப் போக ஓர் ஏஜெண்டிடம் என் சான்றிதழ்களை எல்லாம் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் "உள்ளே வந்து உட்காரும்மா, நிதானமாகப் பேசலாம்" என்பான். குரலில் அவ்வளவு மரியாதை. நான் வாசல்படியைத் தாண்டாமல் நின்றே பேசுவேன். ஐந்து மாதம்.

நிஷா: சித்தி... சான்றிதழ்கள் திரும்பக் கிடைத்தனவா?

ஜெயா சித்தி: என் தோழிகள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். கொடுத்துவிட்டான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மட்டும் அந்தக் கட்டுக்குள் இல்லை. நகல் வாங்கத்தான் அந்த வருடம் நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் பஸ்ஸில் அலைந்தேன்.

வசந்தா பெரியம்மா: பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்றல்லவா எங்களிடம் சொன்னாய்?

ஜெயா சித்தி: உண்மையைச் சொல்லியிருந்தால் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்பீர்களா அக்கா?

ராஜன் மாமா (11:02): அந்த ஏஜெண்ட் பெயர் என்ன?

ஜெயா சித்தி: பாம்பு எதுவும் வேண்டாம் அண்ணா. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள்.