ஐந்தாம் வகுப்பில் இந்த வாரம்: பிள்ளைகள் காரணத்தோடு சொன்ன தவறான பதில்கள்

தொடங்கியவர் (ஐந்தாம் வகுப்பு ஆசிரியை)

இந்த வாரம் எங்கள் வகுப்பில் வேற்றினப் பின்னங்களின் கூட்டல். 1/2 உடன் 1/3 ஐக் கூட்டச் சொன்னால் 2/5 என்ற விடை எங்கிருந்தாவது வந்தே தீரும். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிடுவார்கள். "தப்பு, மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவதுதான் வழக்கம். இந்த முறை ஒரு சிறுமி விடவில்லை.

"ஒரு பையில் 2 பந்து, அதில் 1 சிவப்பு. இன்னொரு பையில் 3 பந்து, அதிலும் 1 சிவப்பு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் 5 பந்தில் 2 சிவப்புதானே?" என்று கேட்டாள்.

அவள் சொன்னது உண்மை. பந்துகளைப் பொறுத்தவரை விடை 2/5 தான். அதை மறுக்கப் போனால் நான்தான் தோற்பேன். எனவே வேறொன்று கேட்டேன்: "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறோம். 2/5 பாதியைவிடப் பெரியதா, சிறியதா?" வகுப்பே யோசித்தது. கூட்டிய பிறகு குறைந்துவிட்டால் எங்கோ இடிக்கிறது என்பது அவர்களுக்கே புரிந்தது. பிறகு 6 கட்டங்கள் கொண்ட ஒரு காகிதப் பட்டையைக் கொடுத்தேன். பாதி என்றால் 3 கட்டம், மூன்றில் ஒன்று என்றால் 2 கட்டம். மொத்தம் 5/6. அந்தச் சிறுமியே முடித்தும் வைத்தாள்: "பந்தில் பை மாறுகிறது டீச்சர், இதில் பட்டை மாறவில்லை." முழுமை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நான் இவ்வளவு சுருக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை.

தவறானாலும் ஒரு காரணத்தோடு பிள்ளைகள் சொன்ன பதில்களை எழுதுங்கள். மதிப்பெண் கதைகள் வேண்டாம்.

ஒரு தந்தை

வணக்கம் டீச்சர். எங்கள் வீட்டில் இந்த வாரம் தசம எண்கள். 1.5 மீட்டர் உயரமா, 1.45 மீட்டர் உயரமா என்றால் என் மகனுக்கு 1.45 தான் பெரியது. 45 என்பது 5 ஐவிடப் பெரியதாயிற்றே! சுவரில் அளவு நாடாவைப் பிடித்து 150 செ.மீ., 145 செ.மீ. என்று கோடு போட்டதும் ஒத்துக்கொண்டான்.

அவனுடைய தோழி அதே கேள்விக்கு உடனே சரியான பதில் சொன்னாள். கெட்டிக்காரி என்று எண்ணிக்கொண்டே 0.3, 0.35 இவற்றில் எது பெரியது என்றேன். 0.3 என்றாள். "புள்ளிக்குப் பிறகு இலக்கம் கூடக் கூடத் துண்டு சின்னதாகிவிடும் மாமா" என்று விளக்கமும் வந்தது. பத்தில் ஒரு பங்கைவிட நூறில் ஒரு பங்கு சிறியது என்று வகுப்பில் கேட்டதை அப்படியே நீட்டிவிட்டாள். ஒரு கேள்விக்கு விடை சரியாக வந்துவிட்டதால் பாடம் புரிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் யார் எந்தப் பக்கம் சறுக்குகிறார்கள் என்பது தெரிகிறது.

அறிவியல் ஆசிரியர்

எங்கள் வகுப்பில் நீர்ச் சுழற்சி. குளிர்ந்த நீர் உள்ள கண்ணாடிக் குவளையின் வெளிப்பக்கம் ஏன் நனைகிறது என்று கேட்டேன். "உள்ளேயிருந்து கசிகிறது" என்றார்கள் பலர். மண்பானை கசிவதைப் பார்த்த பிள்ளைகள் வேறு என்ன சொல்வார்கள்?

நீரில் சிவப்புச் சாயம் கலந்தோம். வெளியே படிந்த துளிகளில் நிறமே இல்லை. அப்போதும் ஒருவன், "சாயம் உள்ளேயே தங்கி, தண்ணீர் மட்டும் வெளியே வந்திருக்கலாம்" என்றான். நியாயமான சந்தேகம்தான், வடிகட்டியைப் பார்த்தவன் போலிருக்கிறது. ஆகவே ஐஸ் நிரப்பி இறுக மூடிய பாட்டிலை மின்னணுத் தராசில் வைத்தோம். கசிந்து அதன் மேலேயே படிந்தால் எடை மாறக்கூடாது. எடை மெல்லக் கூடிக்கொண்டே போனது. காற்றிலிருந்த நீராவிதான் குளிர்ந்து படிகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும்: காற்று வறண்டிருக்கும் நாளில் இதைச் செய்யாதீர்கள், தராசு அசையாது.

ஒரு தாத்தா

பேத்திக்குச் சூரியக் குடும்பம். நான் படித்தது 9 கோள்கள். 2006 இல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று ஆக்கிவிட்டார்கள் என்று அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள்.

பூமியை 1 செ.மீ. மணியாக வைத்தால் நிலவு எங்கே என்று கேட்டேன். பக்கத்தில் ஒட்டி வைத்தாள், புத்தகப் படம் அப்படித்தானே இருக்கிறது. உண்மையில் அது 30 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். சூரியன் 1 மீட்டருக்குச் சற்று அதிகமான குறுக்களவுடைய பந்து, ஏறக்குறைய 118 மீட்டர் தொலைவில். "அப்படியானால் புத்தகத்தில் பொய்யா போட்டிருக்கிறார்கள்?" என்கிறாள். பக்கத்தின் அகலத்தைப் பற்றிச் சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு தாய்

ஒளிச்சேர்க்கை. இவ்வளவு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்றதற்கு மகள் மண்ணிலிருந்து என்றாள். 1648 இல் வெளியான, வான் ஹெல்மாண்ட் என்ற அறிவியலாளரின் சோதனையைச் சொன்னேன். 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றைத் தொட்டியில் நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்திருக்கிறார். 5 ஆண்டுகளில் மரம் 169 பவுண்டைத் தாண்டியது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். எல்லாம் தண்ணீர்தான் என்று அவர் முடிவுகட்டினார். அதுவும் பாதிதான் சரி, மரத்திலுள்ள கார்பன் காற்றிலிருந்து வருகிறது. "காற்றை வைத்து மரமா? காற்றுக்கு ஏது எடை?" என்று ஒரே சிரிப்பு. யாராவது வழி சொல்லுங்களேன்.

அறிவியல் ஆசிரியர்

அம்மா, அதே தராசு போதும். காற்றடைத்த கால்பந்தை நிறுத்துப் பாருங்கள். பந்து ஏற்கெனவே உப்பி உருண்டிருக்க வேண்டும், அதற்கு மேல் பம்பால் இன்னும் காற்றை அழுத்தி ஏற்றி மறுபடி நிறுங்கள். வித்தியாசம் சில கிராம்தான், ஆனால் தெரியும். பலூன் வேண்டாம். அது உப்பும்போது விலக்கும் காற்று அதைத் தாங்கிப் பிடிப்பதால் உள்ளே போன காற்றின் எடையில் பெரும்பகுதி தராசில் விழாது.

தொடங்கியவர்

பந்து யோசனையை எடுத்துக்கொள்கிறேன் ஐயா. தசமத்துக்கு அந்த இரண்டு கேள்விகளும் திங்கட்கிழமையே கரும்பலகைக்குப் போகின்றன. அடுத்த வாரம் எங்களுக்குக் கனஅளவு. உயரமான குவளையில்தான் அதிகத் தண்ணீர் பிடிக்கும் என்று இப்போதே ஒருவன் பந்தயம் கட்டியிருக்கிறான்.