பிள்ளைகள் தனியாகத் தங்கப் போகிறார்கள், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மகளுக்கு 22, மகனுக்கு 19. ஜூலையில் இருவரும் வேலை, படிப்பு என்று வெவ்வேறு ஊரில் வீடெடுத்துத் தங்கப் போகிறார்கள்.

மகளுக்கு மோட்டார், ஒயர் என்றால் உயிர். ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆனால், ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கோளாறு எந்த லைனில் என்று கண்டுபிடித்துவிடுவாள். குக்கரில் பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் தெரியாது.

மகன் நேர்மாறு. ரசம் மணக்க மணக்க வைப்பான், சிலிண்டர் மாற்றச் சொன்னால் நழுவிவிடுவான். வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்ப்பது, ரெகுலேட்டரை மாட்டியபின் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பது, கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு அழைப்பது எல்லாம் அவனுக்குக் கைப்பழக்கமாக வரவேண்டும். வீடியோ பார்த்து வருகிற விஷயமில்லை இது.

ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுங்கள் என்றால் சண்டையில்தான் முடிகிறது. வளர்ந்த பிள்ளைகளை அதட்டவும் மனம் வரவில்லை.

உங்கள் வீட்டில் எப்படிப் பழக்கினீர்கள்? வாரம் ஒரு நாள் முழு வீட்டையும் அவர்கள் பொறுப்பில் விட்டால் சரிவருமா? அப்புறம், 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் எதையெல்லாம் கவனிக்கச் சொல்ல வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் விவரமாக எழுதுங்கள்.