ஞாயிறு மட்டும் ஓடும் 1998 ஜிப்ஸி: ஆறு நாளில் பேட்டரி இறங்கிவிடுகிறது, எங்கே போகிறது?

ஞாயிறு_ஜிப்ஸி எழுதியது:

வணக்கம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். வண்டி 1998 மாருதி ஜிப்ஸி கிங், 1298 சிசி, கார்புரேட்டர் எஞ்சின். கம்ப்யூட்டர் பெட்ரோல் அளந்து விடும் எம்பிஎஃப்ஐ எஞ்சின் 2000-இல்தான் வந்தது என்பதால் இதில் கம்ப்யூட்டர், சென்சார் தொல்லை எதுவும் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். வாரம் முழுக்க வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும். ஞாயிறு விடியற்காலையில் எடுத்து ராமநகரம், கனகபுரா பக்கம் மண் பாதையில் ஒரு சுற்று, பத்தரைக்கு வீடு. அதற்கு உள்ள வேலை அவ்வளவுதான்.

திங்கள், செவ்வாயில் சாவியைத் திருகினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அடுத்த ஞாயிறு திருகினால் செல்ஃப் மோட்டார் முக்கி முனகி அரைச் சுற்று சுற்றிவிட்டு 'டக்' என்று நின்றுவிடுகிறது. போன வாரம் பால் போட வந்த பையனும் எதிர்வீட்டு அங்கிளும்தான் தள்ளினார்கள். என் மனைவி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், இறங்கி வரவில்லை.

14 மாதத்தில் இது இரண்டாவது பேட்டரி. முதலாவது போனபோது கடையில் "பேட்டரி வீக் சார்" என்றார்கள், மாற்றினேன். இப்போது "ஆல்டர்னேட்டர் வீக் சார்" என்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது அதுதானாம். அடுத்து நான் வீக் என்பார்கள். அதற்குள் நானே பார்த்துவிடலாம் என்று எஸ்பி ரோட்டில் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். எனக்குத் தொழில் அச்சகத்தில் கணக்கு எழுதுவது. கரண்ட் புதுசு. ஆனால் கல்லாவில் காசு குறைந்தால் எந்த வழியாகப் போனது என்று தேடிப் பழக்கம் உண்டு.

இதுவரை அளந்தது: ஓட்டி வந்து ஒரு ராத்திரி ஓய்வுக்குப் பிறகு பேட்டரி 12.6 வோல்ட். சனிக்கிழமை இரவு 12.1. எஞ்சின் ஓடும்போது 14.1. பிறகு வீடியோ பார்த்து, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். சாவி வெளியே, கேபின் பல்பைக் கழற்றியாயிற்று. அப்படியும் 0.16 ஆம்பியர் போகிறது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன். ரேடியோ ஃப்யூஸுக்கு மட்டும் 0.15-க்கு இறங்கியது. மற்ற எதற்கும் அசையவில்லை. எல்லா ஃப்யூஸும் என் சட்டைப் பையில் இருக்கும்போதும் 0.15 அப்படியே நிற்கிறது. இது எப்படி?

ஹலசூர்_4x4 எழுதியது:

அண்ணா, முதலில் ஒரு சபாஷ். ஆளுக்கொரு பேட்டரி மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அளந்து பார்ப்பவர் ரொம்பக் குறைவு.

14.1 வருகிறது என்றால் சார்ஜ் நன்றாகவே ஏறுகிறது. ஆனால் ஆல்டர்னேட்டரை முழுசாக விட்டுவிடவும் முடியாது. கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடுகள் உள்ளே இருக்கும், அதில் ஒன்று கசிந்தால், வண்டி நிற்கும்போது கரண்ட் பேட்டரியிலிருந்து பின்பக்கமாக ஆல்டர்னேட்டருக்குள் போகும். அதன் பெரிய வயர் உங்கள் ஃப்யூஸ் பாக்ஸ் வழியாக வராது, அதனால் சின்ன ஃப்யூஸை உருவினாலும் குறையாது. நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர் பின்னால் நட்டு போட்ட தடித்த வயரை எடுத்து, நுனியில் நன்றாக டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். மறுபடி மீட்டரை மாட்டிப் பாருங்கள். 0.15 போய்விட்டால் திருடன் அவன்தான்.

இரண்டு எச்சரிக்கை. மீட்டர் நடுவில் இருக்கும்போது பழக்க தோஷத்தில் சாவியைத் திருகிவிடாதீர்கள். செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். நான் அப்படி ஒன்றைக் காலி பண்ணியிருக்கிறேன். அப்புறம், பேட்டரியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கச் சொல்லும் பழைய மெக்கானிக் வைத்தியம் வேண்டவே வேண்டாம். நல்ல டயோடும் அதில் போய்விடும்.

ஞாயிறு_ஜிப்ஸி எழுதியது:

இன்று மாலை ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றிப் பார்த்தேன். 0.15 தான், ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஐந்து நிமிடம் குந்தி உட்கார்ந்து மீட்டரையே பார்த்தேன், எண் ஆடவும் இல்லை. தெருவில் போகிறவர்கள் நான் ஏதோ பூஜை செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

தங்கவயல்_வயர்மேன் எழுதியது:

தம்பி, நான் கோலார் தங்கவயல்காரன். 1902-லேயே காவிரி சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் வந்து சேர்ந்த ஊர் எங்களுடையது, அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் சுரங்கத்தை மூடியதும் பெங்களூர் வந்து ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலைக்குச் சேர்ந்தவன்.

"எண் ஆடவில்லை" என்று எழுதினீர்களே, விடையில் பாதி அதில் இருக்கிறது. ஈரம், சேறு, துருவால் வரும் கசிவு ஒரே எண்ணில் நிற்காது. மழையில் ஏறும், வெயிலில் இறங்கும். இப்படி நிலையாக நிற்கிறது என்றால் ஏதோ ஒரு பொருள் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்குத்தான் அது தெரியவில்லை. என்ன பொருள்? 12.5-ஐ 0.15-ஆல் வகுத்துப் பாருங்கள், 83 ஓம் சொச்சம் வரும். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன் பண்ணும் சுவிட்ச். சாதாரண 12 வோல்ட் ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் 80, 90 ஓம்தான் இருக்கும். சின்ன 5 வாட் பல்பாக இருந்தால்கூட 0.4 காட்டியிருக்கும். ஆகவே எங்கேயோ ஒரு ரிலே ராத்திரி பகலாக ஆன் ஆகி உட்கார்ந்திருக்கிறது. ஃப்யூஸ் எதற்கும் மசியவில்லை என்பதால் அது கம்பெனி வயரிங் இல்லை. யாரோ பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்து மாட்டியது.

கணக்கு எழுதுபவர் என்றீர்கள், இதையும் எழுதிப் பாருங்கள். 0.15 ஆம்பியர் ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-அவர். ஆறு நாளைக்கு 21.6. உங்கள் பேட்டரி 45 ஆம்பியர்-அவர் என்றால் கிட்டத்தட்டப் பாதி காலி. சனிக்கிழமை 12.1 காட்டியது சரிதானே?

தேடுவது சுலபம். மீட்டரைக் கழற்றி, பேட்டரியை மாட்டி, ஒரு மணி நேரம் வண்டியை விடுங்கள். பிறகு பானெட்டைத் திறந்து, கறுப்பு டேப் சுற்றிய முண்டு முடிச்சு ஒவ்வொன்றிலும் கை வையுங்கள். எஞ்சின் ஆறிய வண்டியில் எல்லாம் ஜில்லென்று இருக்கும், ஒன்று மட்டும் காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். அதுதான்.

மண்பாதை_மணி எழுதியது:

வயர்மேன் அண்ணன் சொன்ன பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது. பேட்டரி பற்றி மட்டும் ஒன்று. பாதி இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், முதல் பேட்டரி அப்படித்தான் செத்திருக்கும். இதையும் தூக்கிப்போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். வெளியே எடுத்து 4 ஆம்பியரில் மெதுவாக ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுப் பாருங்கள். ஞாயிறு நாலு மணி நேர ஓட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஞாயிறு_ஜிப்ஸி எழுதியது:

கண்டுபிடித்தாயிற்று!!

சனிக்கிழமை மதியம், எஞ்சின் ஆறி ஆறு நாள் ஆன வண்டி. பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன். ஹாரன் ரிலே ஜில். வைப்பர் பக்கம் ஜில். ஹெட்லைட்டுக்குப் பின்னால், கம்பெனி வயர்க் கட்டோடு சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றி ஒரு புடைப்பு. மூன்று வருடமாக அதை வயரிங்கின் ஒரு பாகம் என்றே நினைத்திருந்தேன். அண்ணன் சொன்ன அதே காய்ச்சல் நெற்றி. டேப்பைப் பிரித்தால் உள்ளே நாலு கால் ரிலே, மேலே 30, 85, 86, 87 என்று எண்கள். மீட்டரை நடுவில் வைத்துவிட்டு ரிலேயை உருவினேன். 'டிக்'. மீட்டரில் 0.01. அது ரேடியோவின் பங்கு. தெருவிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

முன்பு வைத்திருந்தவர் பம்பரில் ஃபாக் லேம்ப் போட்டிருக்கிறார். விற்கும்போது லேம்பை மட்டும் கழற்றிக்கொண்டு வயரிங்கை அப்படியே விட்டுவிட்டார். அந்த ரிலேயின் சுவிட்சைத் தேடிப் போனால், அது ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் குமிழ் சுவிட்ச். பெயரும் இல்லை, விளக்கும் இல்லை. வாங்கிய நாளில் மேலும் கீழும் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை, செத்த சுவிட்ச் என்று முடிவு கட்டிவிட்டேன். கீழே தள்ளினால் ஆன்.

அதில்தான் பார்க்கிங் சில்லறை போட்டுவைக்கும் துணிப் பையை மாட்டியிருந்தேன். மனைவி போன வருடம் தைத்துக் கொடுத்தது. சில்லறை எடுக்க இழுக்கும்போதெல்லாம் சுவிட்ச் கீழே போயிருக்கிறது. பேட்டரி வியாதி ஆரம்பித்த மாதத்தையும் பை வந்த மாதத்தையும் பொருத்திப் பார்த்தேன், டாலி ஆகிறது. இதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

தங்கவயல்_வயர்மேன் எழுதியது:

சந்தோஷம் தம்பி. ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. லேம்பைக் கழற்றியவர் வயரை எங்கே வெட்டினார்? ரிலேயின் 87-ஆம் காலிலிருந்து லேம்புக்குப் போகும் வயரின் நுனி பம்பருக்குப் பின்னால் எங்கேயோ தொங்கும். ரிலே ஆனில் இருந்த 14 மாதமும் அந்த நுனியில் முழு பேட்டரியும் உயிரோடு இருந்திருக்கிறது, நடுவில் ஃப்யூஸ் இல்லை. ராமநகரக் கல்லில் உரசி டேப் கிழிந்து பாடியில் பட்டிருந்தால் வயர் சிவந்து பற்றியிருக்கும். பேட்டரி இறங்கியது உங்கள் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதனால்தான் தேடினீர்கள்.

ரிலேயை உருவியதோடு விடாதீர்கள். பேட்டரி பாசிட்டிவ் டெர்மினலில் அந்த வயரின் லக் (நுனியில் மாட்டும் உலோக வளையம்) எது என்று பார்த்து, அங்கேயே கழற்றி, முழுசாக வெளியே இழுத்துவிடுங்கள். நாளைக்கு லேம்ப் வேண்டுமானால் புதிதாகப் போடலாம். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் ஹோல்டர். இரண்டு 55 வாட் லேம்புக்கு 9 ஆம்பியர் சொச்சம் வரும், 15 ஆம்பியர் ஃப்யூஸ் சரியாக இருக்கும். சுவிட்சுக்கு உயிர் பேட்டரியிலிருந்து நேராக வேண்டாம், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரிலிருந்து எடுங்கள். அப்புறம் எந்தப் பையை மாட்டினாலும் பரவாயில்லை.

ஞாயிறு_ஜிப்ஸி எழுதியது:

படுத்துக்கொண்டு பார்த்தேன் அண்ணா. பம்பர் பிராக்கெட்டுக்குப் பின்னால் ஒரு முழ வயர், நுனியில் டேப் இருந்ததற்கான பிசுக்கு மட்டும் இருக்கிறது, டேப்பைக் காணோம். ஒரு செம்புப் பிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து இரும்பில் இரண்டு சின்னக் கருகல் புள்ளி. பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. முழுசாக இழுத்துப் போட்டுவிட்டேன். சுருட்டினால் தேங்காய் அளவு வருகிறது.

மணி சொன்னபடி பேட்டரியை மெதுவாக சார்ஜ் போட்டேன். ஒரு வாரம் தொடாமல் விட்டு நேற்று இரவு அளந்தால் 12.5. இன்று காலை ஐந்தரைக்கு முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. தள்ள வேண்டியிருக்கும் என்று எதிர்வீட்டு அங்கிள் பனியனோடு தயாராக வெளியே வந்து நின்றார், பாவம்.

மண்பாதை_மணி எழுதியது:

சில்லறைப் பை இப்போது எங்கே தொங்குகிறது?

ஞாயிறு_ஜிப்ஸி எழுதியது:

சோக் குமிழில் இல்லை. அதற்கு மேல் கேட்காதீர்கள்.