புதுப்பிப்பு: அப்பாவின் அல்பத்தில் இருந்த வணிகர் வீட்டு முத்திரை

அப்பாவின் அல்பத்தில் இருந்த, வளைந்த முகப்புள்ள வீட்டின் படம் போட்ட தபால் முத்திரை எந்த நாட்டுடையது, பின்பக்கப் பசை அழியாமலே மூலையில் தபால் குறி எப்படி விழுந்தது என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது.

சுன்னாகத்தில் முத்திரை சேர்க்கும் மாமா ஒருவர் பூதக்கண்ணாடியில் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: எழுத்து சிரிலிக் (ரஷ்ய, பல்கேரிய மொழிகளை எழுதும் எழுத்து), நாடு பல்கேரியா. புளோவ்திவ் நகரில் ஆர்கிர் குயும்ஜியோக்லு என்ற பெருவணிகருக்காக 1847இல் கட்டிய வீடு அது. 1938 முதல் இனவியல் அருங்காட்சியகம். நம் ஊர் நாற்சார் வீட்டின் நடுவே முற்றம் இருக்கும். அங்கே அந்த இடத்தில் மரச்செதுக்கு விதானத்தோடு பெரிய கூடம். எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

குறி விழுந்த கதை இதுதான்: அந்தக் காலத்துக் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சேகரிப்பாளருக்கு விற்பதற்கென்றே தாள்தாளாகக் குறியிட்டு மலிவாக அனுப்பின. ஆகவே இது எந்தக் கடிதத்திலும் ஒட்டப்பட்டதே இல்லை. விலையும் பெரிதாக இராது. அதனால் என்ன, அப்பா பார்த்துப் பார்த்துச் சேர்த்தது.

சரி, பசையுள்ள முத்திரை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். மாரி ஈரத்தில் அல்பத்தோடு ஒட்டிவிடும், மழைக்கு முன்பே தனி உறையில் போட்டுவிடுங்கள்.